முதல் விடையை முதியவரே சொல்லட்டும்

தொலைமருத்துவம் முதியோருக்கு ஏற்றதா என்று எங்களிடம் கேட்போர் பலர். ஏற்றதே; ஆனால், எதற்கு அதனைப் பயன்படுத்தலாம் என்னும் தெளிவு வேண்டும்; உரையாடல் முதியவரோடு நடைபெறவும் வேண்டும். இதுவே எங்கள் கருத்து.

இதன் நன்மையை மறுப்பதற்கில்லை. இரத்தக் கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் மாதந்தோறும் மருந்து பெறும் முதியவர் ஒருவர், முழங்கால் வலியோடு இரண்டு பேருந்து மாறி வந்து, நெடுநேரம் காத்திருந்து, ஐந்து நிமிடம் பேசித் திரும்புகிறார். துணைக்கு வரும் மகனோ மகளோ ஒரு நாள் ஊதியத்தை இழக்கிறார். வீட்டில் குறித்துவைத்த அளவுகளைப் பார்த்தல், பரிசோதனை முடிவை விளக்குதல், மருந்தின் அளவை மாற்றுதல் ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் இப்பயணம் தேவையில்லை. 2020 மார்ச் மாதம் வெளியான இந்தியத் தொலைமருத்துவ நெறிமுறைகள் காணொளிக்கு மட்டுமன்றிச் சாதாரணத் தொலைபேசி உரையாடலுக்கும் இடமளிக்கின்றன. மத்திய அரசின் இ-சஞ்சீவனி சேவையில் கட்டணமின்றியே மருத்துவரைக் கலந்தாலோசிக்கலாம்.

தடை என்றதும் திறன்பேசி இல்லாமையையே பலரும் குறிப்பிடுகின்றனர். நாங்கள் மிகுதியாகக் காணும் தடை வேறு. கருவி வீட்டில் இருக்கிறது. ஆனால் இளையவர் கையில் இருக்கிறது. திரையில் தோன்றுபவர் மகன். "அப்பா நன்றாகத் தூங்குகிறார், தொந்தரவு ஒன்றுமில்லை" என்று விடையளிப்பவரும் அவரே. தந்தையோ திரைக்கு அப்பால் கட்டிலில் அமர்ந்திருக்கிறார். இரவில் சிறுநீர் கழிக்க நான்கு முறை எழுவதையும், எழும்போதெல்லாம் தலை சுற்றுவதையும் அவர் மட்டுமே அறிவார். அத்தலைசுற்றல் இரத்த அழுத்த மருந்தின் விளைவாக இருக்கலாம். அது எங்கள் செவிக்கு எட்டாவிடில், ஒருநாள் விழுந்து இடுப்பெலும்பு முறிவதில் முடியலாம்.

மறதி நோய் போன்றவற்றால் இயலாத நிலையில் இருப்பவரின் சார்பில் பராமரிப்பவர் பேசலாம் என்று நெறிமுறைகளே அனுமதிக்கின்றன. ஆனால், பேச இயன்றவரின் இடத்தை அன்பின் பொருட்டும் நாம் எடுத்துக்கொள்ளலாகாது.

ஆகவே குடும்பத்தாரிடம் நாங்கள் வேண்டுவது இது. வெளிச்சம் முகத்தில் விழும்படி முதியவரை அமர்த்துங்கள். மூக்குக் கண்ணாடியும் காது கேட்கும் கருவியும் அணியச் செய்யுங்கள். தொலைக்காட்சியை நிறுத்திவிடுங்கள். மருந்துக் கடையில் தாமாக வாங்கியவை உட்பட, அவர் உட்கொள்ளும் மாத்திரைகள் அனைத்தையும் அட்டையோடு எடுத்து வையுங்கள். ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்த பின் இரத்த அழுத்தத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் வினாவுக்கு முதல் விடையை அவர் சொல்லட்டும். விடுபட்டதை நீங்கள் சேருங்கள். தனியே பேச விரும்பினால் சற்று விலகி நில்லுங்கள்.

எங்களுக்கும் கடமை உண்டு. நிதானமாகப் பேச வேண்டும். சொன்னதை முதியவர் புரிந்துகொண்டாரா என்று அவரையே திருப்பிச் சொல்லச் செய்து அறிய வேண்டும். நேரில் வர விரும்புவோருக்கான வாயிலைத் தொலைமருத்துவத்தின் பெயரால் குறுக்கவும் கூடாது. வயிற்றை அழுத்திப் பார்ப்பதும் பாதத்துப் புண்ணைத் தொட்டு ஆராய்வதும் திரை வழியே இயலாதவை.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணுதல், கை கால் திடீரென வலுவிழத்தல், திடீர் மனக்குழப்பம் ஆகியவற்றில் எது தோன்றினும் காணொளி அழைப்புக்குக் காத்திராதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். ஏனைய வேளைகளில் எங்களை அழைக்கும்போது, முதியவரையும் திரையின் முன் அமரச் செய்யுங்கள்.