ஒப்பித்தல் உதவாது

அமெரிக்காவில் நிரந்தரவாசம் கோரும் அரபுத் தம்பதியர், குடிநுழைவு நேர்காணலுக்கென விடைகளை மனப்பாடம் செய்வது தவறு என்பேன். போலித் திருமணங்களைத் தடுக்க 1986-இல் தனிச்சட்டமே இயற்றிய நாடு அது. அதிகாரி துருவித்தான் கேட்பார்.

அரபு வழக்கில் திருமண ஒப்பந்தம் முதலில் எழுதப்படும். மணவிருந்து வரை இருவரும் அவரவர் பெற்றோர் இல்லத்தில் வாழ்வதுண்டு. மணமான பின்னும் மனைவியர் பெரும்பாலும் தந்தையின் குடும்பப் பெயரையே கொண்டிருப்பர். வழக்கம் அறியாதவருக்கு இவை முரணாகத் தோன்றலாம். அதற்காக விடை புனையலாமா? ஒப்பந்தத்தைச் சான்றுறுதியுடன் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக் கொடுத்து, உள்ளதை உள்ளபடி விளக்குவதே தக்க ஆயத்தம்.

வாய்மொழித் தேர்வில் ஒப்பிக்கும் மாணவனை ஆசிரியர் நாம் உடனே கண்டுகொள்கிறோம் அல்லவா? மாணவன் இழப்பது சில மதிப்பெண்கள். இவர்கள் இழக்க நேர்வதோ சேர்ந்து வாழும் வாய்ப்பு.