பயனற்ற நிலம் என்று ஒன்று உண்டா?

கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கி, 2013இல் திறக்கப்பட்ட அதிவேக நெடுஞ்சாலை வழியாகக் கொழும்புக்கு வரும் புலம்பெயர் உறவுகள், வழியில் நாணலும் நீருமாக விரியும் ஒரு பரப்பைக் கண்டிருப்பார்கள். அதுதான் முத்துராஜவெல. நீர்கொழும்புக் களப்பின் தென்கரையிலிருந்து களனி கங்கையை நோக்கி நீளும் இச்சதுப்பு நிலம் ஏறத்தாழ 3000 ஹெக்டேயர் பரப்புடையது.

ஓர் ஒப்புதல் வாக்குமூலத்துடன் தொடங்குகிறேன். தொண்ணூறுகளில் இதன் தென்பகுதியான கெரவலப்பிட்டியவில் கடல் மணலைக் கொட்டி நிலம் நிரப்பப்பட்டபோது நான் இளம் நிருபர். 'பயனற்ற சதுப்பு நிலம் அபிவிருத்தி செய்யப்படுகிறது' என்று எழுதினேன். அதிகாரிகள் சொன்ன சொல்லை அப்படியே எழுதினேன். அந்த நிலத்தில் கால் வைத்தும் பார்க்கவில்லை.

'வெல' என்றால் சிங்களத்தில் வயல். ஒரு காலத்தில் இங்கே நெல் விளைந்தது. பின்னர் வெட்டப்பட்ட கால்வாய்களின் வழியே உவர்நீர் உட்புகுந்து வயல்களை அழித்தது. அந்த உப்பு நீரை வடித்துவிட ஆங்கிலேயர் 1802இல் ஹமில்டன் கால்வாயை வெட்டத் தொடங்கி 1804இல் முடித்தனர். நெல் திரும்பவில்லை. ஆனால் இயற்கை சும்மா இருக்கவில்லை. நன்னீர் மிகுந்த இடத்தில் நாணலும் கோரையும், உவர்நீர் ஏறும் களப்போரத்தில் கண்டல் காடும் வளர்ந்தன. இறாலும் மீன்குஞ்சுகளும் அக்கண்டல் வேர்களிடையே வளர்கின்றன. நீர்கொழும்பு மீனவரின் அடுப்பு எரிவதற்கு அவையும் ஒரு காரணம்.

தரைக்குக் கீழே இருப்பது இன்னும் முக்கியமானது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தாவரங்கள் முழுமையாக உக்காமல் நீருக்குள் படிந்து உருவான கரிய மண் அது. நீர் நிற்கும்வரை அது கரியைத் தன்னுள் பூட்டி வைத்திருக்கும். நீரை வடித்தால் மண் காற்றுப்பட்டு உக்கும், தரை தாழும், கரி வளியில் கலக்கும், மண்ணிலுள்ள கந்தகச் சேர்மங்கள் அமிலமாக மாறும்.

மழைக்காலத்தில் தண்டுகம் ஓயாவும் களனி கங்கையும் பெருக்கெடுக்கும்போது, அந்த வெள்ளத்தை வாங்கி வைத்து மெல்லக் கடலுக்கு விடுவதும் இந்நிலமே. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2003இல் வெளியிட்ட மதிப்பீடு, இதன் ஆண்டுப் பயனை ஏறத்தாழ 80 இலட்சம் அமெரிக்க டொலர் எனக் கணித்தது. அதில் பெரும்பங்கு வெள்ளத் தணிப்புக்கு உரியது. நான் பயனற்றது என்று எழுதிய நிலத்தின் கணக்கு இது!

1996இல் வடபகுதி சரணாலயமாக்கப்பட்டது. தென்பகுதிக்கு அந்தப் பாதுகாப்புக் கிட்டவில்லை. அங்கே மின்நிலையங்கள் எழுந்தன. 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்லக் குப்பை மேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டபின், கொழும்பின் குப்பையும் கெரவலப்பிட்டியவுக்கே வந்தது. ஓர் ஏழைக் குடியிருப்பின் மீது கொட்டியதை ஒரு சதுப்பின் மீது கொட்டினோம். பாடம் கற்றோமா, இடத்தை மாற்றினோமா?

வரைபடத்தில் கோடு போட்டுப் பாதியைக் காக்கலாம். நீருக்கு அந்தக் கோடு தெரியாது. தெற்கே நிரப்பிய மண்ணில் தங்க இடமில்லாத வெள்ளம் தாழ்ந்த நிலத்து வீடுகளைத் தேடிப் போகும். அங்கே வாழ்பவர்கள் மாடி வீட்டுக்காரர்கள் அல்லர்.

எஞ்சியுள்ள சதுப்பில் இனி ஒரு கூடை மண்ணும் விழக்கூடாது என்பதே என் நிலைப்பாடு. அடுத்த முறை அவ்வழியே வரும்போது வாகனக் கண்ணாடியூடாகச் சற்றுப் பாருங்கள். அன்று நான் பார்க்கத் தவறியதை நீங்களாவது பாருங்கள்.