டிஸ்க் நிறைஞ்சா ஃபார்மேட்தானா?

லேப்டாப்புல இடம் நிறைஞ்சு போச்சுன்னு கடைக்குக் கொண்டு போனா, முக்காவாசிப் பேரு ஒரே பதில்தான் சொல்லுகாங்க. "பெரிய எஸ்.எஸ்.டி. வாங்குங்க, ஃபார்மேட் அடிச்சு புதுசா விண்டோஸ் ஏத்தித் தாரேன்." நம்மாளுகளும் தலையாட்டிட்டு வந்திருகோம். இது சரியில்லைங்கதுதான் என் கட்சி.

நாத்தங்கால்ல இடம் பத்தலைன்னா நாத்தைப் பிடுங்கிப் பெரிய வயல்ல நடுவோம். அழிச்சிட்டு மறுபடி விதைக்கிறவன் உண்டா? டிஸ்க்கும் அப்படித்தான். பழசுல இருக்க விண்டோஸ், செட்டிங், பழகின தமிழ்க் கீபோர்டு, எல்லாத்தையும் அப்படியே புது டிஸ்க்குக்கு நகலெடுக்கலாம். குளோன்னு பேரு. தைவான்காரங்க உண்டாக்கின குளோன்ஜில்லா இலவசமாவே கிடைக்கு. டிஸ்க்கை வெளியே வச்சு மாட்ட ஒரு யு.எஸ்.பி. கேஸ் போதும்.

கடைக்காரப் பையன்களைக் குத்தம் சொல்லல. ஃபார்மேட் சீக்கிரம் முடியும், குளோனுக்கு மணிக்கணக்கா ஆகும். கூலி கூடக் கேட்டா குடுத்திருங்க. ஃபார்மேட்டுக்கு முந்தி அவங்க எடுத்து வைக்கது டெஸ்க்டாப்பும் டாக்குமென்ட்ஸும்தான். வேற மூலையில கிடக்க பட்டா நகலு, கும்பப்பூ கன்னிப்பூ வரவு செலவுக் கணக்கு, கல்யாணப் போட்டோ எல்லாம் போனது போனதுதான்.

குளோன் பண்ணினதும் சிலபேரு, "512 ஜி.பி. வாங்கினேன், சி டிரைவ் பழைய 118-லேயே நிக்கே"ன்னு பதறுவாங்க. நம்ம வயலுக்கும் புதுசா வாங்கின வயலுக்கும் நடுவுல அடுத்தவன் துண்டு ஒண்ணு கிடந்தா வரப்பை வெட்டிச் சேக்க முடியுமா? விண்டோஸோட ரெகவரி பார்ட்டிஷன் அப்படி நடுவுல கிடக்கும். ஜிபார்ட்டட் மாதிரி ஒண்ணை வச்சு அதைக் கடைசிக்குத் தள்ளினா, சி டிரைவை நீட்டிரலாம். 512-னு வாங்கினது 476-னு காட்டும். ஏமாத்து இல்ல, கம்பெனி ஆயிரத்தால கணக்குப் போடுகான், விண்டோஸ் 1024-ஆல போடுகு.

கைவைக்கதுக்கு முந்தி பிட்லாக்கர் இருக்கான்னு பாத்துக்கிடுங்க. இருந்தா அந்த 48 இலக்கச் சாவியைத் தாள்ல எழுதி வைங்க. முதல்தடவை புது டிஸ்க்கை மட்டும் மாட்டி ஓட்டிப் பாருங்க. ரெண்டுக்கும் ஒரே அடையாளம், சேத்து மாட்டினா விண்டோஸ் குழம்பும்.

எல்லாத்துக்கும் குளோன்தான்னு சாதிக்க வரல. வைரஸ் புடிச்சிருந்தா, டிஸ்க்கே பழுதா இருந்தா, நோய் நாத்தைப் பெரிய வயல்ல நட்ட கதையாயிரும். அப்ப ஃபைலை மட்டும் காப்பாத்திட்டு புதுசா ஏத்துகதுதான் சரி. பழைய மிஷினுக்குப் பெரிய எஸ்.எஸ்.டி. போட்டா வேகம் வரும். ஆனா அதுக்காக விண்டோஸ் 11 ஏறிராது, அது புராசஸரையும் டி.பி.எம்.மையும் பாக்கும். விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சிட்டு. 2011-ல தொடங்கின அரசாங்க இலவச லேப்டாப்பு பரண்ல கிடந்தா, ஒரு எஸ்.எஸ்.டி.யும் லினக்ஸும் போட்டுப் பாருங்க. புள்ளைங்க தட்டிப் பழக ஆகும்.

கடைசியா ஒண்ணு, இதுதான் முக்கியம். பழைய டிஸ்க்கைக் கடையில விட்டுட்டு வராதீங்க. ஆதாரு, பாஸ்புக்கு, பத்திரம், வீட்டுப் பொம்பளைங்க போட்டோ எல்லாம் அதுலதான் இருக்கு. "இது இனி எதுக்கு அண்ணாச்சி"ம்பாங்க. காசு குடுத்து வாங்கினது, கேட்டு வாங்குங்க. ஒரு மாசம் புதுசு ஒழுங்கா ஓடின பிறகு பழசை பேக்கப்புக்கு வச்சுக்கிடலாம். ஆனா வருசக்கணக்கா கரண்டு காட்டாமப் போட்டா எஸ்.எஸ்.டி.யில உள்ளது அழியவும் கூடும். விதைநெல்லை இடைக்கிடை வெயில்ல காட்டுக மாதிரி, அதையும் எடுத்து மாட்டிப் பாத்துக்கிடுங்க.