பத்து மாசம் அந்தக் குயவர் என்ன பண்ணிட்டிருந்தார்?

கடுவெளிச் சித்தர் பாட்டு ஒண்ணு நம்ம எல்லாருக்கும் தெரியும். ஒரு ஆண்டி குயவர்கிட்ட பத்து மாசம் கெஞ்சி ஒரு தோண்டி வாங்கிட்டு வர்றான். ஆட்டம் போட்டே அதை உடைச்சிடறான். தோண்டின்னு சொல்றது நம்ம உடம்பைத்தான், பத்து மாசம்னு சொல்றது கருவுல இருந்த காலத்தைத்தான்னு ஸ்கூல்ல தமிழ் மிஸ் விளக்கம் சொல்லியிருப்பாங்க. தத்துவம் எல்லாம் சரி. எனக்கு வேற ஒரு சந்தேகம். அந்தப் பத்து மாசமும் குயவர் என்ன பண்ணிட்டிருந்தார்? ஆண்டி கெஞ்சுறது பாட்டுல இருக்கு, ஆடுறது இருக்கு, உடைக்கிறது இருக்கு. குயவர் பார்த்த வேலையைப் பத்தி மட்டும் ஒரு வார்த்தை இல்ல.

இன்னிக்கும் கதை அதேதான். இன்ஸ்டால மண்பாண்ட ரீல்ஸ் பார்க்காதவங்க யாரும் இருக்க மாட்டீங்க. சக்கரம் சுத்துது, ஈரக் கை மேல எழும்புது, பின்னாடி மெல்லிசா ஒரு மியூசிக். முப்பது செகண்ட்ல ஒரு கிண்ணம் ரெடி. கல்ச்சுரல்ஸ்ல பாட்டரி ஸ்டால் போட்டா அதுக்கு பேரு ‘ஸ்ட்ரெஸ் பஸ்டர்’. ப்ளேஸ்மென்ட் சீசன்ல ஒரு ரவுண்டு போச்சுன்னா ஹாஸ்டல்ல யாராவது ஒருத்தர் கண்டிப்பா சொல்வாங்க: “பேசாம இதெல்லாம் விட்டுட்டு எங்கயாவது போய் பானை செய்யலாம் மச்சி.” ஏதோ பானை செய்யறதுன்னா மூளைக்கு லீவு விடுற மாதிரி!

நான் சொல்ல வர்றது இதுதான். ஒரு ஸ்டுடியோ பாட்டரோட வேலை ரிலாக்ஸ் பண்றது கிடையாது. அது விடாம நடக்கிற ஒரு பரிசோதனை. சொல்லப்போனா, நம்ம லேப்ல நடக்க வேண்டிய விஷயம் அங்கதான் ஒழுங்கா நடக்குது.

முதல்ல, ஸ்டுடியோ பாட்டர்னா யாரு? மண் பிசையறதுல இருந்து வனையறது, பூச்சு கலக்கறது, சூளை வைக்கிறது வரைக்கும் எல்லாத்தையும் ஒருத்தரோ சின்ன குழுவோ ஒரே பட்டறையில செய்யறவங்க. ஃபேக்டரி மாதிரி வேலையைப் பிரிச்சுக்க மாட்டாங்க. பெர்னார்ட் லீச்சும் ஷோஜி ஹமாதாவும் 1920ல இங்கிலாந்துல செயின்ட் ஐவ்ஸ்ங்கிற ஊர்ல தொடங்கின பட்டறையை இதுக்கு ஒரு முக்கியமான தொடக்கமா சொல்வாங்க. நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். ரே மீக்கர், டெபோரா ஸ்மித்னு ரெண்டு அமெரிக்கர்கள் 1971ல புதுச்சேரியில ‘கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி’யைத் தொடங்கினாங்க. அங்க கத்துக்கிட்டு வெளிய வந்து தனியா பட்டறை போட்டவங்க நிறைய பேர். இன்னிக்கு புதுச்சேரி, ஆரோவில் பக்கம் இத்தனை ஸ்டுடியோ இருக்கிறதுக்கு அது ஒரு பெரிய காரணம்.

அப்படி ஒரு சின்ன ஸ்டுடியோவுல டிசம்பர் லீவுல நாலு நாள் கூடவே நின்னு பார்த்தேன். அதை நடத்துறது ஒரு அக்கா. நாலு நாள்ல அவங்க சக்கரத்துல உட்கார்ந்த நேரத்தைக் கூட்டினா அஞ்சு மணி நேரம் தேறுமான்னு சந்தேகம்தான்.

மீதி நேரம் என்ன வேலை? காலையில முதல் வேலை, நேத்து வனைஞ்சதை ஒவ்வொண்ணா தொட்டுப் பார்க்கிறது. பிளாஸ்டிக் கவர் போட்டு மூடி வெச்சிருப்பாங்க. விளிம்பு சீக்கிரம் காயும், அடிப்பாகம் மெதுவா காயும். ரெண்டும் ஒரே சீரா சுருங்கலைன்னா விரிசல்தான். மழைக்காலத்துல காயவே காயாது. வெயில் காலத்துல கப் காயறதுக்குள்ள கைப்பிடி காஞ்சு தனியா பிரிஞ்சு வந்துடும். தோல் மாதிரி ஒரு பதம் வரும்போதுதான் கவிழ்த்து வெச்சு அடியைச் செதுக்கணும். அந்தப் பதம் இவங்க டைம்டேபிளுக்கு வராது, இவங்கதான் அதுக்கு ஏத்த மாதிரி எழுந்திருக்கணும்.

அப்புறம் மண் பிசையறது. சப்பாத்தி மாவை விட பல மடங்கு பலம் கொடுத்துப் பிசையணும். உள்ள காத்துக்குமிழி இருக்கக் கூடாது, பதம் எல்லா இடத்துலயும் ஒண்ணா இருக்கணும். சரியா வராத கிண்ணம், செதுக்கின துகள் எல்லாம் ஒரு பெரிய பக்கெட்டுக்குப் போகும். தண்ணியில ஊறி, வடிஞ்சு, திரும்ப மண்ணா வரும். தரையைத் துடைப்பம் வெச்சுப் பெருக்கவே மாட்டாங்க, ஈரத்துணிதான். களிமண் தூசியில சிலிக்கா இருக்கு. வருஷக்கணக்கா சுவாசிச்சா நுரையீரல் போயிடும்.

இதெல்லாம் ஒழுக்கம். இதுல கிரியேட்டிவிட்டி எங்கன்னு கேப்பீங்க. சுவர்ல ஆணி அடிச்சு மாட்டியிருந்த சின்னச் சின்ன ஓடுகள்லதான் அதை நான் பார்த்தேன். கட்டைவிரல் அளவு இருக்கும். நூத்துக்கணக்குல தொங்குது. ஒவ்வொண்ணு பின்னாடியும் ஒரு நம்பர். அதே நம்பர் ஒரு தடி நோட்டுல இருக்கு.

மேல இருக்கிற அந்தக் கண்ணாடி மாதிரி பூச்சைத்தான் கிளேஸ்னு சொல்றாங்க. கெமிஸ்ட்ரி ரொம்ப சிம்பிள்: சிலிக்காதான் கண்ணாடி ஆகுது. ஆனா அது தனியா உருக 1700 டிகிரி செல்சியஸ் பக்கம் வேணும். அதனால சோடியம், பொட்டாசியம், கால்சியம் இருக்கிற கனிமங்களைச் சேர்த்து உருகுநிலையைக் குறைக்கிறாங்க. உருகினது வழிஞ்சு ஓடாம நிக்க அலுமினா. நிறத்துக்கு இரும்பு, தாமிரம், கோபால்ட். அவ்வளவுதான். ஆனா எதை எவ்வளவு? ரெண்டு பொருளை எடுத்துக்கிட்டு 100-க்கு 0-ல இருந்து 0-க்கு 100 வரைக்கும் பத்துப் பத்தா மாத்தினா 11 ஓடு. மூணு பொருளை அதே மாதிரி பத்துப் பத்தா மாத்தினா 66 ஓடு. அதையே சூளையில காத்து நல்லா விட்டு ஒரு தடவை, காத்தைக் குறைச்சு ஒரு தடவைன்னு சுட்டா 132. தாமிரம் காத்து இருந்தா பச்சையா வரும், காத்தைக் குறைச்சா சிவப்பா வரலாம். ‘வரலாம்’னுதான் சொல்ல முடியும்.

அந்த 132ல அக்காவுக்குப் பிடிச்சது மூணோ நாலோ இருக்கும். மீதி எல்லாம் வெளுத்தது, கொப்பளிச்சது, சொரசொரன்னு இருக்கிறது. ஏன் தூக்கிப் போடலைன்னு கேட்டேன். “இதைத் தூக்கிப் போட்டா அடுத்த வருஷம் மறுபடி இதையே பண்ணுவேன்”னாங்க.

அடுத்தது சூளை. முதல் சுடல் 1000 டிகிரியை ஒட்டி. கிளேஸ் பூசின பிறகு ரெண்டாவது சுடல் 1280 பக்கம். ஏத்துறதும் இறக்குறதும் அவசரமா செய்ய முடியாது. ஈரம் மிச்சம் இருந்தா நீராவியே கிண்ணத்தை வெடிக்க வெச்சிடும். 573 டிகிரியில மண்ணுல இருக்கிற குவார்ட்ஸ் படிகம் சட்டுனு விரியும், ஆறும்போது அதே இடத்துல சுருங்கும். கிளேஸும் மண்ணும் ஆறும்போது சுருங்குற அளவு ஒத்துப் போகலைன்னா மேல வலை மாதிரி கீறல் விழும். தெர்மல் எக்ஸ்பேன்ஷன் கோஎஃபிஷியன்ட்டுனு நாம ரெண்டு மார்க் கேள்விக்குப் படிச்சோமே, அதேதான். இங்க தப்பா போனா ரெண்டு மார்க் போகாது, மூணு வார உழைப்பு போகும். வனையும்போது இருந்த அளவுல நூத்துக்குப் பத்துப் பன்னெண்டு பங்கு சுருங்கித்தான் கப் வெளிய வரும். அதனால அவங்க கையில வனையறது இப்ப இருக்கிற கப்பை இல்ல, மூணு வாரம் கழிச்சு வரப்போற கப்பை.

இதுல எங்க டெக்னிக்கல் முடியுது, எங்க ஆர்ட் ஆரம்பிக்குதுன்னு கோடு போட்டுக் காட்டுங்க பார்ப்போம். வியன்னாவுல இருந்து 1938ல லண்டனுக்குத் தப்பி வந்த லூசி ரீ, போர்க்காலத்துல பிழைப்புக்காக செராமிக் பட்டன் செஞ்சு கொடுத்தாங்க. துணியோட நிறத்துக்கு ஏத்த மாதிரி பட்டன் வேணும்னு கேட்பாங்க, அதுக்கு கிளேஸ் கலக்கணும். பின்னாடி உலகமே கொண்டாடின அவங்க கிண்ணங்களுக்குப் பக்கத்துல, கிளேஸ் அளவுகள் எழுதின அவங்க நோட்டுகளையும் பத்திரமா வெச்சிருக்காங்க. ரே மீக்கர் இன்னும் ஒரு படி மேல போனார். பச்சை மண் செங்கல்ல வீட்டைக் கட்டி, உள்ள செங்கல், மட்கலம்னு அடுக்கி, வீட்டையே சூளையா ஆக்கிச் சுட்டுப் பார்த்தார். சிவில் மக்கள் இதைத் தேடிப் படிக்கணும். இதை ஆர்ட்னு சொல்வீங்களா, ஸ்ட்ரக்சுரல் எக்ஸ்பெரிமென்ட்னு சொல்வீங்களா?

இங்க ஒரு நியாயமான கேள்வி வரும். ஏம்ப்பா, நம்ம ஊர் வேளார் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையா இதைத்தானே செய்யறாங்க, நீ ஏன் புதுச்சேரி ஸ்டுடியோவைப் பிடிச்சுக்கிட்டேன்னு. சரியான கேள்வி. கிராமத்துச் சூளையில வெப்பம் ஸ்டோன்வேர் அளவுக்குப் போகாது. அதனால பானையில நுண்துளை இருக்கும், தண்ணி கசிஞ்சு ஆவியாகும், உள்ள இருக்கிற தண்ணி ஜில்லுனு ஆகும். 1280ல சுட்ட ஜாடியில தண்ணி வெச்சா அப்படிக் குளிராது. மண்ணோட எவ்வளவு மணல் சேர்க்கணும், சூளை எப்ப பதம்னு அவங்களுக்குக் கண்ணும் கையும் சொல்லும். சுட்ட பானையைத் தட்டிச் சத்தம் கேட்டு விரிசலைக் கண்டுபிடிக்கிறாங்களே, நம்ம சிலபஸ்ல அதுக்குப் பேரு நான்-டிஸ்ட்ரக்டிவ் டெஸ்டிங். அதுவும் பரிசோதனைதான். நோட்டுல எழுதாம, அப்பா கையில இருந்து பிள்ளை கைக்குப் போன பரிசோதனை.

ஆனா மரியாதை? இன்ஜினியரிங் முடிச்சிட்டு பாட்டரி பண்றேன்னு சொல்றவரை உட்கார வெச்சு இன்டர்வியூ எடுக்கிறோம். வேளார் வீட்டுப் பையன் அதே வேலையைப் பார்த்தா “ஏன் தம்பி, படிக்கலையா?”ன்னு கேக்குறோம். ஒருத்தர் கப்புக்குச் சொல்ற விலையைக் கேட்டு ‘ஆர்ட்’னு தலையாட்டுற நாம, இன்னொருத்தர் பானைக்கு ரோட்டோரமா நின்னு பத்து ரூபா குறைக்கச் சொல்றோம். ஸ்டுடியோ அக்கா மேல இதுல தப்பு இல்ல. தப்பு, வேலையைப் பார்க்காம ஆளைப் பார்க்கிற நம்ம கண்ணுல. அந்த வேலைக்குள்ள எவ்வளவு அறிவு இருக்குன்னு தெரிஞ்சாத்தான் ரெண்டு பேருக்கும் கொடுக்க வேண்டியதைக் கொடுப்போம். அதுக்காகவாவது இந்த ‘ஸ்ட்ரெஸ் பஸ்டர்’ பேச்சை நிறுத்தணும்.

இப்ப நம்ம விஷயத்துக்கு வர்றேன். பொதுவா இன்ஜினியரிங் லேப் ரெக்கார்டை எடுத்துப் பாருங்க. அறுபது பேர் நோட்டு, அறுபதுலயும் ஒரே கிராஃப், புள்ளி எல்லாம் கோட்டு மேல அச்சு அசலா உட்காரும். பிசகின ரீடிங்குக்கு அங்க இடமே கிடையாது, ஏன்னா அதுக்கு மார்க் கிடையாது. அக்கா நோட்டுல பெரும்பாலான பக்கம் பிசகினதுதான். எது உண்மையான ரெக்கார்டு?

“அவங்களுக்கு நேரம் இருக்கு, நமக்கு மூணு மணி நேர லேப்தானே”ன்னு சொல்லலாம். அவங்களுக்கும் வாடகை இருக்கு, ஆர்டருக்குத் தேதி இருக்கு, கேஸ் பில் இருக்கு. ஒரு சூளை கெட்டா இழப்பு அவங்க சொந்தக் காசு. டெஸ்ட் பண்ண நேரமில்லைன்னு நினைச்சா அதுக்கு அப்புறம் அதிகமா செலவாகும்னு தெரிஞ்சுதான் அந்த ஓடுகளைச் சுடறாங்க. நாளைக்கு நாம போடப்போற பாலம், எழுதப்போற கோடு, டிசைன் பண்ணப்போற பேட்டரி எல்லாத்துக்கும் இதே கணக்குதான்.

அதனால ஜூனியர்ஸுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு கோரிக்கை. ப்ராஜெக்ட் ரிப்போர்ட்ல ‘ரிசல்ட்ஸ்’ சாப்டருக்கு அடுத்து இன்னொரு சாப்டர் வைப்போம்: எதெல்லாம் வரல, ஏன் வரலைன்னு நினைக்கிறோம். அதுக்குப் பத்து மார்க் ஒதுக்குங்க. அடுத்த பேட்ச் நாம முட்டிக்கிட்ட சுவத்துல மறுபடி முட்டிக்காது. ரிவ்யூவுல பேசறதுக்கும் உண்மையான விஷயம் கிடைக்கும்.

பாட்டரி கத்துக்கணும்னு ஆசை இருக்கிறவங்க தாராளமா போங்க, நல்ல விஷயம். ஆனா ஒரு நாள் ஒர்க்‌ஷாப்போட திரும்பிடாதீங்க. அந்தத் தடி நோட்டைக் கொஞ்சம் காட்டச் சொல்லிக் கேளுங்க.