காயில் கட்டுபவரும் காந்த விசிறியும்

சென்ற கோடையில் ஒருநாள், இறக்கைகளைக் கழற்றிய மின்விசிறி ஒன்றைக் கையில் தூக்கிக்கொண்டு, பெரம்பலூரில் மோட்டார் காயில் கட்டும் கடை வாசலில் நின்றிருந்தேன். வாங்கி இரண்டரை ஆண்டே ஆகியிருந்தது. உத்தரவாதம் இரண்டு ஆண்டுக்கு மட்டும். கடைக்காரர் முப்பது ஆண்டுகளாக இவ்வட்டாரத்துக் கிணற்று மோட்டார்களையும் கிரைண்டர்களையும் உயிர்ப்பித்து வருபவர். மூடியைத் திறந்து பார்த்தார். "காயில் நல்லாத்தான் இருக்கு சார். போர்டு போயிருச்சு. இதுல எனக்கு வேலை இல்லீங்க" என்றார். தமக்குத் தெரியாது என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை.

இதைச் சொல்வதால் புதிய விசிறிகளைப் பழிக்க வந்தேன் என்று நண்பர்கள் கருத வேண்டாம். உண்மையில் அவற்றின் கட்சிக்காரன் நான். பி.எல்.டி.சி. எனப்படும் இவ்வகை விசிறியில் சுழலும் பகுதியில் நிலைக்காந்தங்கள் பதிக்கப்பட்டுள்ளன. பழைய விசிறியிலோ காயிலில் பாயும் மின்சாரமே சுழலியிலும் மின்னோட்டத்தைத் தூண்டியாக வேண்டும். அதில் ஒரு பங்கு வெப்பமாக வீணாகும். விசிறி ஓடி முடிந்தபின் நடுமண்டையைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். புதியதில் ஒரு சிறு மின்னணுப் பலகை, எந்தக் காயிலுக்கு எப்போது மின்சாரம் செல்ல வேண்டும் என்று கணக்கிட்டு அனுப்புகிறது. 75 வாட் இழுத்த இடத்தில் 30 வாட்டில் அதே காற்று. நாளுக்குப் பதினாறு மணிநேரம் ஓடினால், நம் இரண்டு மாதக் கணக்கில் விசிறி ஒன்றுக்கு 43 யூனிட் மிச்சம். மூன்று விசிறி உள்ள வீட்டில் 129. ஐந்நூறைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும் நம் மாநிலத்தில் இது சிறிய தொகையன்று.

மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி எங்கள் பக்கத்து மக்களுக்கு ஏட்டுக் கேள்வி அன்று. செயங்கொண்டம் பகுதியில் பழுப்பு நிலக்கரி மின்திட்டத்துக்காகத் தொண்ணூறுகளில் ஊர் ஊராக நிலம் கையகப்படுத்தப்பட்டது. மின்நிலையம் எழவில்லை. நிலம் கொடுத்தவர்களும் இழப்பீட்டு வழக்குமாகவே காலம் கழிந்தது. என் வகுப்புகளில் அக்குடும்பங்களின் பிள்ளைகள் அமர்ந்திருக்கிறார்கள். வீட்டு விட்டத்தில் மிச்சமாகும் யூனிட்டுக்கு யாருடைய முந்திரிக்காட்டையும் கேட்க வேண்டியதில்லை என்பதே இந்த விசிறியின் பக்கம் என்னைச் சாய்த்த வாதம்.

ஆனால் அது யார் வீட்டுக்குப் போகிறது? 2016இலிருந்து வீடுகளுக்கு முதல் நூறு யூனிட் இலவசம். அந்த நூறுக்குள் வாழும் வீட்டுக்கு மிச்சப்படுத்தியும் பைசா பயனில்லை. ஆகையால் அவர்கள் விலை குறைந்த பழைய வகையையே வாங்குகிறார்கள். அந்த மின்சாரத்துக்குப் பணம் கொடுப்பது அரசு. அப்படியானால் அந்த வீடுகளில் விசிறியை மாற்றித் தருவதில் முதல் இலாபமும் அரசுக்குத்தான். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய திட்டத்தில் மிக்சி, கிரைண்டரோடு மின்விசிறியும் வீடுதோறும் கொடுத்த மாநிலம் இது, வழி தெரியாததன்று.

அதே நாளில்தான் விலையில்லா மடிக்கணினித் திட்டமும் தொடங்கியது. அடுத்த ஆண்டு மின்வெட்டு கிராமங்களில் பத்து மணிநேரத்தையும் கடந்தபோது, மேசைக்கணினிகள் எல்லாம் துணி போர்த்திக் கிடக்க, மாணவர்கள் அந்தப் பெட்டியின் வெளிச்சத்தில் தட்டச்சு செய்ததைப் பார்த்திருக்கிறேன். மின்சாரச் சிக்கனமும் கணினியும் ஒரே பொருளில் வந்து சேர்ந்த காட்சி அது. (அதில் திரைப்படமும் பார்த்தார்கள். பார்க்கட்டுமே.)

அந்த மடிக்கணினிகளில் ஒன்று இன்னும் என் வகுப்புக்கு வருகிறது. அரியலூர்ப் பக்கத்து மாணவி ஒருத்தி, அக்காவுக்குக் கிடைத்ததை வைத்திருக்கிறாள். சுழலும் வன்தட்டை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டு, லினக்ஸ் ஏற்றிக் கொடுத்தது உள்ளூர்க் கடை. புதுமைப்பித்தன் பற்றிய கட்டுரையை அதில்தான் எழுதினாள். அடிப்பக்கத்துத் திருகுகளைக் கழற்ற முடிந்தது, உள்ளிருக்கும் உறுப்பை மாற்ற முடிந்தது. அதனாலேயே அது பிழைத்தது. இன்றைய மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் நினைவகமே பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கிறது. எடையும் குறைவு, மின்செலவும் குறைவு. ஆயுள் மட்டும் செய்தவன் கையில்.

மின்சாரத்தைச் சேமிக்கும் பொருள் மூன்றாண்டில் குப்பைக்குப் போகுமானால் அந்தக் கணக்கில் எதையோ மறைக்கிறோம். செம்பும் காந்தமும் இரும்பும் பழுதின்றி இருக்க, உள்ளங்கையளவுப் பலகைக்காக முழு விசிறியையும் எறிவது என்ன சிக்கனம்? 2023 சனவரியிலிருந்து மின்விசிறிக்கு நட்சத்திரக் குறியீடு கட்டாயம். எத்தனை வாட் என்பதோடு, பலகை தனியே கிடைக்குமா, என்ன விலை, எத்தனை ஆண்டு வரை என்பதையும் அதே அட்டையில் அச்சிடச் சொல்லலாமே. பழுதுபார்க்கும் உரிமைக்கென நடுவண் அரசு 2022 டிசம்பரில் ஓர் இணையத்தளம் திறந்தது. நல்லது. ஆனால் எங்கள் காயில் கடைக்காரருக்கு வேண்டியது உதிரிப்பாகமும் சுற்றுப்படமும், ஐ.டி.ஐ.யில் மாலை நேரத்தில் ஒரு பத்து நாள் பயிற்சி. கற்க மாட்டார்கள் என்று சொல்பவர்கள், எரியாத எல்.இ.டி. பல்புகளைத் தெருவோரத்தில் ஒரு பற்றவைப்புக் கம்பியோடு உட்கார்ந்து சரிசெய்து கொடுப்பவர்களைப் பார்த்ததில்லை போலும்.

என் விசிறிக்குப் பலகை வந்துசேரப் பத்தொன்பது நாள் ஆயிற்று. பொருத்தியவர் அதே கடைக்காரர்தான். கால் மணிநேர வேலை. கூலி வாங்க மறுத்தவர், பழைய பலகையை மட்டும் கேட்டார். சென்ற வாரம் அவ்வழியே போனபோது அது பிரித்த நிலையில் அவர் மேசைமேல் கிடந்தது. "எதுல கரண்டு நிக்குதுன்னு கண்டுபிடிச்சிட்டேன் சார். இந்தச் சின்ன ஐ.சி.தான். நம்பரைச் சுரண்டி விட்டிருக்கானுங்க" என்றார்.