பொத்தானும் புழங்குவோனும்

கணினித் திரையிலே கற்பனையுலகு ஒன்றைக் காட்டி, அதனுள் மாந்தர் வேற்றுருக்கொண்டு உலவ வழிசெய்யும் 'செகண்ட் லைஃப்' 2003 ஆம் ஆண்டிலே பொதுமக்களுக்குத் திறக்கப்பெற்றது. 2010 இல் அதனை ஆக்கியோர், திரையின் ஓரத்தே அகன்ற பட்டையொன்றை நிறுத்திக் கருவிகள் பலவற்றை அதனுள் அடக்கினர். பழகியோர் பலர் வெறுத்தனர். 2011 இல் அப்பட்டை அகன்றது. வேண்டிய பொத்தான்களைத் தாமே தெரிந்து, இடத்தும் வலத்தும் கீழுமாக வைத்துக்கொள்ளும் உரிமையைப் பயனாளர் பெற்றனர்.

இது சாலவும் நன்று. வீட்டைக் கட்டியவன் கொத்தனாயினும், அகப்பை எங்கே தொங்கவேண்டும் என்பதை அறிந்தவர் அடுக்களையிற் புழங்குவோரே அன்றோ?

ஆயினும், உரிமை தந்துவிட்டோம் என்று ஆக்கியோர் வாளாவிருத்தல் தகாது. புதிதாய் வந்தவன் எதனை எங்கே வைப்பதென அறியான், கண்டபடியே கொள்வான். மாற்றவல்லார்க்கு இடங்கொடுப்பது பெருந்தன்மை. மாற்றவறியார்க்கும் பொருந்துமாறு முதலமைப்பை வகுப்பதோ கடமை. கடமையை விடுத்த பெருந்தன்மை யார்க்கும் பயன்படாது.