கொல்லைக்கும் ஒரு பருவம்

பூசணிக்கொடி பூத்தும் காய்க்கவில்லையெனில் விதையைப் பழிக்கிறோம். தலைமுறைகளாகக் காத்த நாட்டு விதையையும் கைவிட்டு விடுகிறோம். இது முறையன்று. ஊரின் காற்றையும் வெயிலையும் அறியாது பயிரிட்ட நமக்கும் அப்பிழையில் பங்குண்டு.

தென்காசி மாவட்டத்துக் கீழப்பாவூரை எண்ணிப் பாருங்கள். ஆனி, ஆடித் திங்கள்களில் தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியே புகுந்து குற்றாலத்தில் சாரலாய்ப் பொழிகிறது. கிழக்கே செல்லச் செல்ல மழை குறையும், காற்றே மிஞ்சும். பூசணியில் ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனியே மலர்வன. விடியலில் விரியும் பூ நண்பகலுக்குள் வாடிவிடும். அச்சில மணி நேரத்தில் காற்று கடுமையாக வீசினால் தேனீக்களின் வரவு குறையும். மகரந்தம் பெறாத பிஞ்சு வெம்பி உதிரும். கோடையின் கடும் வெப்பத்திலோ ஆண்பூக்களே மிகும்.

ஆகவே, விதை உறையில் அச்சிட்ட பருவத்தை மட்டும் நம்புதல் போதாது. ஆடிப்பட்டத்தில் விதைப்போர் காற்றுக்கு மறைவான இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்; காலையில் ஆண்பூவின் மகரந்தத்தைப் பெண்பூவின் சூலகமுடியில் தாமே தடவலாம். விதைத்த நாள், பூத்த நாள், காய்த்த நாள் ஆகியவற்றை ஆண்டுதோறும் குறித்து வைப்போம். விதையைக் கைவிடுமுன் அக்குறிப்பை ஒருமுறை புரட்டிப் பார்ப்போம்.